‘லிகமென்ட் தடித்திருக்கிறது’ என்ற ஒரு வரிக்காக இன்னொரு ஆபரேஷனா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து 49 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வீட்டின் முன்னறையில் தையல் கடை நடத்துகிறார். சர்க்கரை நோய் வந்து 8 ஆண்டுகள் ஆகின்றன, மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு ஆண்டுகளாக வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் மதமதப்பு. நடுராத்திரியில் கை மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்து உதறிக்கொண்டிருப்பார். நரம்பு ஓட்டப் பரிசோதனை செய்து, கார்ப்பல் டனல் (மணிக்கட்டுக் குடைவில் நரம்பு நெருக்கப்படும்) பிரச்சினை என்று சொல்லி, 5 மாதங்களுக்கு முன் உள்ளங்கையில் கீறி அறுவை செய்திருக்கிறார்கள். அதன் பிறகு தூக்கம் கெடவில்லை. ஆனால் உள்ளங்கையின் அடிப்பகுதியில், தழும்பின் இரண்டு பக்கமும் அழுத்தினால் உயிர் போகிற வலி. கத்தரிக்கோல் பிடித்தால், துணி பிழிந்தால், தரையில் கையூன்றி எழுந்தால் வலிக்கிறது. பிடியில் வலு இல்லை. காலையில் நடுவிரல் மடங்கினால் நிமிர மறுத்து, பிறகு ‘டக்’கென்று விடுபடுகிறது. கைக்கு நல்லது என்று மணிக்கட்டு பெல்ட்டை இந்த 5 மாதமும் இரவு பகலாகப் போட்டிருக்கிறார். துணி வெட்டும்போது மட்டும் கழற்றுவாராம்.

வலி போகவில்லையே என்று தனியார் மையம் ஒன்றில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்திருக்கிறார். “மணிக்கட்டு லிகமென்ட் தடித்துள்ளது; மீடியன் நரம்பின் பரப்பு 14 சதுர மி.மீ., இயல்பைவிட அதிகம்” என்று ரிப்போர்ட். அதைப் பார்த்த வேறொரு மருத்துவர், வெட்டிய லிகமென்ட் மறுபடி வளர்ந்து நரம்பை நெருக்குகிறது, திரும்பவும் அறுவை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். மறுபடி எடுத்த நரம்பு ஓட்டப் பரிசோதனையிலும் ‘இன்னும் மிதமான பாதிப்பு’ என்றே வந்திருக்கிறது. முதலில் செய்தவர் மீது வழக்குப் போடலாம் என்கிறார் தம்பி. இதற்கிடையில் இடது கையிலும் இரவு மதமதப்பு தொடங்கிவிட்டது. “நரம்புல கத்தி வெச்சாலே அவ்வளவுதான்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. இந்தக் கையை நம்பித்தான் குடும்பம் ஓடுது. என்ன செய்யறதுன்னு தெரியலைங்க டாக்டர்” என்று முடிக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “ராத்திரி மதமதப்பு மட்டும் அப்பவே போயிடுச்சு, இப்பவும் வரலை.” எனக்கு இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். உங்களுக்கு அறுவை செய்தது அந்த மதமதப்புக்காக. அது போயிருக்கிறது, 5 மாதம் கழிந்தும் திரும்பவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இப்போது வலது மணிக்கட்டில் இன்னொரு அறுவைக்கான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. கையைத் தொட்டுப் பார்க்காமல் எந்த மருத்துவரும் இறுதித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். ஆனால் அவசரப்பட்டு மேசையில் போய்ப் படுத்துவிடாதீர்கள்.

மணிக்கட்டின் உள்பக்கம் சிறிய எலும்புகள் வளைவாக அமைந்து ஒரு குடைவை உண்டாக்குகின்றன. அதற்கு மேல்மூடி, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தடித்த பட்டை ஒன்று. அதைத்தான் லிகமென்ட் என்கிறோம். உள்ளே விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அந்தக் கூட்டத்தில் மிக மென்மையானது நரம்பு. இடம் குறைந்தால் முதலில் அடிபடுவதும் அதுதான். 1981-ல் அமெரிக்காவில் கெல்பர்மன் என்ற கை அறுவை நிபுணரின் குழு, குடைவுக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தது. நலமாக உள்ள கையில் சராசரி 2.5 மி.மீ. பாதரச அளவு, இந்த நோய் உள்ள கையில் 32. மணிக்கட்டை மடக்கினால் நோயுள்ள கையில் அது 90-ஐத் தாண்டியது. தூக்கத்தில் நம்மையறியாமல் மணிக்கட்டை மடக்கிப் படுக்கிறோம், அதனால்தான் இந்தத் தொல்லை ராத்திரியில் எழுப்புகிறது. உங்களுக்கு இப்போது ராத்திரியில் அது எழுப்பவில்லை என்றால், உள்ளே அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று நம்ப நல்ல ஆதாரம் உங்களிடமே இருக்கிறது.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

“வெட்டிய லிகமென்ட் மறுபடி வளர்ந்துவிட்டது” என்று உங்களிடம் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வெட்டிய லிகமென்ட் எல்லோருக்குமே மீண்டும் சேரும். சேர வேண்டும் என்பதுதான் எங்கள் எதிர்பார்ப்பும். வெட்டியதும் இரண்டு முனைகளும் விலகும். அந்த இடைவெளியைத் தழும்புத் திசு நிரப்பும். புதிய மூடி பழையதைவிட அகலமாகவும் சற்று மேல்நோக்கி எழும்பியும் அமைகிறது. பல கைகளில் அது பழையதைவிடத் தடிமனாகவும் இருக்கும். நீங்கள் தையல்காரர், உங்களுக்கு இது எளிதில் புரியும். பிடிக்கிற ரவிக்கையைப் பக்கவாட்டில் பிரித்து, நடுவில் ஒட்டுத் துணி கொடுத்துத் தைக்கிறீர்கள். தொட்டுப் பார்த்தால் அந்த இடம் முன்னைவிடத் தடிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ரவிக்கை தளர்ந்துவிட்டது, போட்டவருக்கு மூச்சு விட முடிகிறது.

அந்தத் தளர்வை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்ட ஆய்வொன்று 1989-ல் வெளியானது. அறுவைக்குப் பின் குடைவின் கொள்ளளவு சராசரியாக 24 சதவீதம் கூடியிருந்தது. ஏறத்தாழ கால்பங்கு. மூடியின் தடிமனை மட்டும் அளந்து, உள்ளே நெருக்கடி இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. அந்த லிகமென்ட் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் கொண்டதல்ல. முன்கைப் பக்கம் மெல்லியதாகத் தொடங்கி உள்ளங்கைக்குள் போகப்போகத் தடிக்கும். ஸ்கேன் கருவியை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் வைத்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். உங்களுக்கோ அறுவைக்கு முன் ஸ்கேனே எடுக்கவில்லை. எதைவிடத் தடித்தது என்று எப்படிச் சொல்வது?

நரம்பின் பரப்பு 14 என்று பயந்திருக்கிறீர்கள். பல மையங்களில் 10 சதுர மில்லிமீட்டரை ஒட்டிய அளவை எல்லையாக வைத்திருக்கிறார்கள். அது அறுவை செய்யாத கையில் நோயைக் கண்டுபிடிக்க வைத்த எல்லை. ஆண்டுக்கணக்கில் நெருக்கப்பட்டு வீங்கிய நரம்பு, நெருக்கடி நீங்கிய பிறகு மெல்லச் சுருங்கும். ஆனால் பழைய அளவுக்கு முழுதாக வராமலேயே நன்றாக வேலை செய்யும் நரம்புகள் ஏராளம். நரம்பு ஓட்டப் பரிசோதனையும் அப்படித்தான். எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழும் கைகளிலும் அது ‘மிதமான பாதிப்பு’ என்றே காட்டிக்கொண்டிருக்கலாம், சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் கூடுதலாக. பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்கள் மேம்பட்டிருக்கின்றனவா என்று ஒருவர் பார்க்க வேண்டும். கடைசியில் அச்சடித்த ஒற்றை வரியை மட்டும் படித்தால் அது தெரியாது.

லிகமென்டோ அதைச் சுற்றிய சவ்வோ தடித்திருப்பதை நாங்கள் மிகுந்த கவனத்துடன் பார்க்கும் சில நிலைகள் உண்டு. உங்களுக்கு அவை பொருந்தவில்லை; இதைப் படிக்கும் வேறு சிலருக்குப் பொருந்தலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஒருவகைப் புரதம் மணிக்கட்டில் படியும். அதேபோல, வயதானவர்களுக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, இரண்டு கையிலும் கார்ப்பல் டனல் வந்து, கூடவே நடந்தால் மூச்சு வாங்குவது, கால் வீக்கம் போன்றவை இருந்தால், அமிலாய்டு என்ற புரதப் படிவு இதயத்திலும் இருக்கிறதா என்று தேட வேண்டும். கையில் தொல்லை தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் இதயத்தில் அறிகுறி தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு அறுவையின்போதே சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது.

உங்கள் வலி எங்கிருந்து வருகிறது

தழும்பின் இரண்டு பக்கமும், உள்ளங்கையின் அடியில் உள்ள இரண்டு சதை மேடுகளில் வலிக்கிறது என்று படம் வரைந்தே அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் படத்துக்கு நன்றி. ஸ்கேனைவிட அது எனக்கு அதிகம் சொல்லிற்று. இதைப் ‘பில்லர் வலி’ என்போம். கார்ப்பல் டனல் அறுவைக்குப் பின் அடிக்கடி பார்ப்பதுதான். கட்டைவிரல் மேட்டின் தசைகளும் சுண்டுவிரல் மேட்டின் தசைகளும் அந்த லிகமென்டைப் பற்றிக்கொண்டே புறப்படுகின்றன. அதை வெட்டியதும் அவற்றின் பிடிமானம் சற்று இடம் மாறுகிறது. மணிக்கட்டு எலும்பு வளைவும் கொஞ்சம் விரிகிறது. தோலுக்கடியில் ஓடும் நுண்ணிய நரம்பிழைகள் கீறலில் அறுபட்டிருக்கும். இவற்றில் எது முதன்மைக் காரணம் என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் போக்கு தெரிந்ததுதான்: பெரும்பாலோருக்கு 3 முதல் 6 மாதத்தில் தணிந்துவிடும், சிலருக்கு ஓராண்டு வரை இழுக்கும். பிடியின் வலுவும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் திரும்பும். தினமும் கத்தரிக்கோலின் வளையம் சரியாக அந்த மேட்டிலேயே அழுத்துகிற உங்களுக்கு, அது சற்றுத் தாமதமாவதில் வியப்பில்லை.

இதை நீங்கள் அறுவைக்கு முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மதமதப்பு போகும், ஆனால் உள்ளங்கை சில மாதங்கள் வலிக்கும், கைத்தொழில் செய்பவருக்கு அது வருமானத்தைப் பாதிக்கும் என்று உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இந்த 5 மாதப் பயத்தில் பாதி உங்களுக்கு இருந்திருக்காது. அந்த அளவில் உங்கள் கோபம் நியாயமானது.

இனி பெல்ட். சகோதரி, அதை வலது கையிலிருந்து கழற்றிவிடுங்கள். லிகமென்ட் அறுவைக்குப் பின் மணிக்கட்டை நீண்ட நாள் கட்டிவைப்பதால் நன்மை இல்லை என்று நல்ல ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. 5 மாதம் அசையாமல் வைத்திருந்தால் மணிக்கட்டு விறைக்கும், தசை மெலியும், தசைநாண்கள் தழும்போடு ஒட்டிக்கொள்ளும். நாள் முழுக்க அசையாமல் இருந்துவிட்டு, துணி வெட்டும் அந்த நேரத்தில் மட்டும் கழற்றி முழு பலத்தையும் போடுகிறீர்கள். பழக்கமில்லாத கைக்கு அது பெரிய அதிர்ச்சி. ஒரே நாளில் தூக்கிப்போடப் பயமாக இருந்தால், முதல் வாரம் பகலில் கழற்றுங்கள், அடுத்த வாரம் இரவிலும்.

வீட்டில் செய்ய வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை, விடாமல் செய்வதுதான் கடினம். தேங்காய் எண்ணெய் தொட்டு, தழும்பின் மேல் மறு கையின் கட்டைவிரலால் வட்டமாக, தோல் அடித்திசுவின் மேல் நகர்கிற அளவுக்கு அழுத்தி, ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு மூன்று முறை நீவிவிடுங்கள். வேறு யாரிடமும் கொடுத்துப் பலமாக உருவிவிடச் சொல்லாதீர்கள். தொட்டாலே கூசும் இடத்தை முதலில் பஞ்சாலும், பழகியபின் துண்டாலும் தேயுங்கள். ஒரு பாத்திரத்தில் அரிசியைக் கொட்டி அதற்குள் கையை விட்டு அளையுங்கள். விரல்களை முழுதாக நீட்டி, நுனி மட்டும் மடக்கி, பிறகு முழு முஷ்டி பிடித்து, மீண்டும் நீட்டும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும், வீட்டிலேயே தொடரலாம். வலு ஏற்ற ஸ்பாஞ்சோ பிசைந்த கோதுமை மாவோ போதும். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதானால் மறு கையின் முழங்கையை விட்டுச் சூடு பார்த்த பிறகே கொடுங்கள். சர்க்கரை உள்ளவர்களின் விரல்களுக்குச் சூடு தெரியாமல் போய் வெந்துவிடுவதை நிறையப் பார்க்கிறோம்.

வேலையிலும் சில மாற்றங்கள் வேண்டும். கத்தரிக்கோலை முதலில் சாணை பிடியுங்கள். மழுங்கியதைக் கொண்டு வெட்ட இரட்டைப் பலம் வேண்டியிருக்கும், அந்தப் பலம் முழுவதும் உள்ளங்கை மேட்டில்தான் இறங்குகிறது. வளையத்தில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். முடிந்தால் தானே விரியும் ஸ்பிரிங் கத்தரி வாங்குங்கள். நான்கைந்து துணிகளை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டுவதைச் சில மாதம் நிறுத்துங்கள். தரையில் விரித்து வெட்டுகிறீர்கள் என்றால் மேசைக்கு மாறுங்கள். கையூன்றி எழும் தேவையும் குறையும். அப்படியும் ஊன்ற வேண்டியிருந்தால் உள்ளங்கையை விரிக்காமல் முஷ்டியில் ஊன்றுங்கள். ஈரத் துணியைக் கொஞ்ச நாள் வேறு யாராவது பிழியட்டும். தம்பி உங்களுக்காக வழக்கு வரை போகத் தயாராக இருக்கிறார், துணி பிழிய உதவ மாட்டாரா?

வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கும் உறுப்பு. இதை இன்றோடு நிறுத்திவிட்டு, எது பாதுகாப்பானது என்று உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள்.

நடுவிரலை மறந்துவிடாதீர்கள்

காலையில் நடுவிரல் மாட்டிக்கொண்டு ‘டக்’கென்று விடுபடுவதை ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். இப்போது சிகிச்சை தேவைப்படுவது அதற்குத்தான். அது டிரிகர் ஃபிங்கர். விரலின் அடியில், உள்ளங்கை ரேகைக்குக் கீழே, தசைநாணை எலும்போடு சேர்த்துப் பிடிக்கும் சிறு வளையம் ஒன்று இருக்கிறது. அது தடித்துவிட்டால் தசைநாண் வழுக்கிப் போகாமல் சிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம் வரும். கார்ப்பல் டனல் அறுவைக்குப் பிந்தைய மாதங்களிலும் அதிகம் வரும். உங்களுக்கு இரண்டு காரணமும் இருக்கிறது. உங்கள் கையில் தொல்லை தருகிற தடிப்பு ஒன்று உண்டென்றால், அது பெரும்பாலும் இங்கேதான், ஸ்கேனில் எழுதியிருக்கும் இடத்தில் இல்லை.

நடுவிரலின் அடியில், உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். சிறு மணி போல் ஒன்று உருண்டு, வலித்தால் இதுதான். வளையத்துக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டாலே பலருக்குச் சரியாகிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதன் பலன் சற்றுக் குறைவு, ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை அளவும் ஏறும். ஆகவே முன்கூட்டியே சொல்லி, அந்த நாட்களில் அடிக்கடி அளந்து பாருங்கள். ஊசியில் அடங்கவில்லை என்றால் அந்த வளையத்தைத் திறந்துவிடும் சிறிய அறுவை உண்டு. விரலை மட்டும் மரக்கச் செய்து முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிடியில் வலு இல்லை என்று நீங்கள் சொல்வதில் இந்த விரலுக்கும் பங்கு இருக்கலாம்.

மறு அறுவை யாருக்கு?

மறு அறுவையே தேவைப்படாது என்று நான் சொல்லவில்லை. தேவைப்படுபவர்களின் கதை வேறு மாதிரி இருக்கும். அறுவைக்குப் பிறகும் இரவு மதமதப்பு ஒருநாள்கூடக் குறையாதவர்களுக்கு, லிகமென்ட் முழுதாக வெட்டப்படாமல், பெரும்பாலும் உள்ளங்கைப் பக்கத்து முனையில், கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கலாம். அல்லது நோயே வேறாக இருந்திருக்கலாம். கழுத்தில் நரம்பு வேர் அழுத்தப்பட்டாலும் இதே விரல்கள் மரக்கும். இன்னொரு வகையினருக்கு நன்றாகப் போய், பல மாத நிம்மதிக்குப் பிறகு அதே மதமதப்பு திரும்ப வரும். அங்கே தழும்பு நரம்பைப் பிடித்து இறுக்கியிருக்க வாய்ப்புண்டு. மூன்றாவது வகையில், முன்பு இல்லாத புதிய குறை வரும்: தழும்பைத் தட்டினால் ஷாக் அடிப்பது, கட்டைவிரல் மேட்டின் தோல் புதிதாக மரத்துப்போவது, கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு சேர்க்க முடியாமல் போவது. இவை நரம்பின் கிளை ஒன்று காயப்பட்டதற்கான அடையாளமாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. இந்த மூன்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை. இனி வந்தால் உடனே காட்டுங்கள்.

கூடவே, கை முழுதும் வீங்கி, நிறம் மாறி, பளபளத்து, தாறுமாறாக வியர்த்து, காற்றுப் பட்டாலும் தாங்க முடியாத வலி வந்தால் அது தனி நோய். அதற்குத் தாமதமில்லாமல் சிகிச்சை தொடங்க வேண்டும்.

தேவையில்லாமல் மறுபடி திறப்பதை நான் இத்தனை வலியுறுத்தித் தடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் அறுவையில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெளிவாகத் தெரியும். இரண்டாவது முறை அது தழும்புக்குள் புதைந்திருக்கும்; வெட்டிப் பிரிக்கையில் காயப்படும் ஆபத்து கூடுதல், பலனும் முதல் முறை அளவுக்கு உறுதியில்லை. சில நேரம் நரம்பைச் சுற்றிப் பாதுகாப்புக்காகச் சுண்டுவிரல் மேட்டுக் கொழுப்பைத் திருப்பிப் போர்த்த வேண்டியிருக்கும். பில்லர் வலிக்காக அதைச் செய்தால், இருக்கிற வலியோடு புதுத் தழும்பு வலியும் சேரும். இன்னொரு கருத்து கேட்க விரும்பினால், கை அறுவையையே முதன்மையாகச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜனிடமோ எலும்பு மருத்துவரிடமோ கேளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே நீண்டகாலமாகத் தனித்துறை இயங்குகிறது.

வழக்கு பற்றி

சட்ட ஆலோசனையை வழக்கறிஞரிடம்தான் பெற வேண்டும். மருத்துவராக நான் சொல்லக்கூடியது, நீங்கள் எழுதியவற்றில் அலட்சியம் என்று சுட்டத்தக்கது எதுவும் எனக்குத் தெரியவில்லை என்பதே. எதிர்பார்த்த பலன் கிடைக்காதது மட்டுமே அலட்சியம் ஆகாது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் உங்கள் ஆவணங்கள் உங்கள் உரிமை. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். சண்டை போடும் தொனியில் கேட்க வேண்டியதில்லை. அறுவைக் குறிப்பின் நகலை வாங்குங்கள். லிகமென்ட் முழு நீளமும் வெட்டப்பட்டதா, நரம்பு எப்படி இருந்தது, சவ்வு தடித்திருந்ததா என்பது அதில் இருக்கும். நாளை எந்த மருத்துவர் உங்கள் கையைப் பார்த்தாலும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். முடிந்தால் முதலில் அறுவை செய்த மருத்துவரிடமே ஒருமுறை போய், இந்த ஸ்கேனைக் காட்டி விளக்கம் கேளுங்கள். உங்கள் கையின் உட்புறத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

இடது கை

வலது கையில் நேர்ந்ததை வைத்து இடது கையைப் பயந்து மறைக்காதீர்கள். அங்கே இப்போதுதான் தொடக்கம்; அறுவைக்கு முன் செய்து பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பெல்ட் உண்மையிலேயே உதவுவது இங்கேதான். ஆனால் வலது கைக்கு வாங்கியதை மாற்றிப் போடாதீர்கள். மணிக்கட்டை மேலேயும் கீழேயும் மடங்காமல் நேராக வைக்கும், இடது கைக்கான பெல்ட்டை வாங்கி, இரவில் மட்டும், ஒன்றரை மாதமாவது போடுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். அதில் தணியவில்லை என்றால் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கலாம். சர்க்கரை ஏறுவது பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

ரத்தப் பரிசோதனைகள் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் பாருங்கள். தைராய்டு குறைவு தானாகவே கார்ப்பல் டனலைக் கொண்டுவரும். நீங்கள் சாப்பிடுவது மெட்ஃபார்மின் என்றால், நெடுநாள் பயன்பாட்டில் அது பி12-ஐக் குறைக்கும். பி12 குறைந்தாலும் கை கால் மரக்கும். பாதமும் மரக்கிறதா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரையால் வந்த நரம்பு பாதிப்பு எவ்வளவு, மணிக்கட்டு நெருக்கடியால் வந்தது எவ்வளவு என்று பிரித்தறிய அது உதவும்.

“நரம்புல கத்தி வெச்சா அவ்வளவுதான்” என்று பக்கத்து வீட்டில் சொல்வது அன்பால்தான், ஆனால் இந்த அறுவையில் கத்தி படுவது நரம்பின் மேல் இல்லை, அதன் மேலுள்ள மூடியில். இடது கைக்கும் அறுவை தேவைப்படும் நிலை வந்தால், வலது கை கத்தரிக்கோலை வலியில்லாமல் பிடிக்கத் தொடங்கிய பிறகு, கல்யாண சீசன் ஆர்டர்கள் இல்லாத மாதமாகப் பார்த்துத் தேதி குறித்துக்கொள்ளலாம். மதமதப்பு இரவு மட்டும் வந்துபோகும் வரை அந்த அவகாசம் உங்களுக்கு இருக்கிறது. பகல் முழுக்க மரத்தே இருந்தாலோ, ஊசியில் நூல் கோக்கும்போது இடது விரல்களிலிருந்து ஊசி நழுவினாலோ, இடது கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றத் தொடங்கினாலோ அந்த அவகாசம் முடிந்துவிட்டது. வற்றிய சதை பிறகு முழுதாகத் திரும்புவது அரிது, ஆகவே வலது கை தேறட்டும் என்று அப்போது காத்திருக்காதீர்கள்.